காற்று வாசல் வரை வருகிறது, மதில் கட்டுவது நாம்தான்

கொஞ்சம் நீண்ட பதிவு. பிள்ளைகளைப் பற்றியது, அதனால் பொறுமையாக வாசியுங்கள்.

நோன்பு விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய வாரம். ஆறாவது பாடவேளையில் ஒரு பிள்ளை மேசையில் தலை சாய்த்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துக் கிட்டப் போனேன். முகம் சிவந்து, வியர்வையில் நனைந்திருந்தாள். வெளியே வேப்பமரத்தடியில் இருத்தித் தண்ணீர் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் தெளிந்தாள், அல்ஹம்துலில்லாஹ். பின்னால் வந்த மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், வெளிய காத்து நல்லா வருது. உள்ளுக்கு மட்டும் ஏன் வருதில்ல?"

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு.

ஒரு கிலோ நீரை ஒரு பாகை செல்சியஸ் சூடாக்க ஏறத்தாழ 4200 யூல் வெப்பம் வேண்டும். உலர்ந்த மணலுக்கு 800 யூல் அளவு போதும். அதனால் காலை வெயிலில் நம் மணல் தரை சீக்கிரம் கொதிக்கிறது, கடல் மெதுவாகத்தான் சூடாகிறது. தரைக்கு மேலுள்ள காற்று சூடாகி மேலெழும்ப, அமுக்கம் குறைந்த அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. முற்பகலில் தொடங்கி, லுஹருக்கும் அஸருக்கும் இடையில் பலமாகி, மஃரிபோடு ஓய்ந்துவிடும். இரவில் தரை சீக்கிரம் குளிர்வதால் காற்று கடல் பக்கம் திரும்பும். பாய்மரக் காலத்தில் நம் பெரியவர்கள் தரைக்காற்றில் தொழிலுக்குப் போய், கடற்காற்றில் கரை திரும்பியது இந்தக் கணக்கில்தான்.

மன்னார் தீவில் எங்கு நின்றாலும் கடல் சில கிலோமீற்றருக்குள் இருக்கிறது. வடக்கே பாக்கு விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. பகல் வெயிலில் வவுனியாப் பக்கம் தகிக்கும் அளவுக்கு நம் தீவு தகிக்காமல் இருப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

வாடை ஓய்ந்து, சோளகம் இன்னும் தொடங்காத மார்ச், ஏப்ரல் மாதங்களில் நமக்கு இருக்கும் துணை இந்தக் கடற்காற்று ஒன்றுதான். ஏப்ரல் 13 அளவில் நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு நேராக நிற்கிறது. ஆனால் கடற்காற்று ஈரத்தையும் சுமந்து வருகிறது. அது வீசிக்கொண்டிருந்தால் வியர்வை உலர்ந்து உடல் குளிரும். அடைபட்டு நின்றால் அதே ஈரம் வியர்வையை உலரவிடாது. வெப்பமானி 33 பாகை காட்டும்போது உடம்புக்கு 40 போலத் தெரிவது இதனால்தான். வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடுவதும் இதை வைத்துத்தான்.

முன்பு கிடுகு வேலியும் ஓலைக் கூரையும் காற்றை உள்ளே விட்டன. 1990இல் வெளியேற்றப்பட்டுத் திரும்பிய நாம், இழந்த வீட்டைக் கல்லால் கட்ட ஆசைப்பட்டதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் ஆளுயரத்துக்கு மேலே மதில், சீலிங் இல்லாத தகரக் கூரை, ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் என்று வீட்டையும் பாடசாலையையும் கட்டிவிட்டு, பிறகு மின்விசிறிக்கு நன்கொடை கேட்கிறோம். கரண்ட் போனால் அதுவும் இல்லை.

"மதில் இல்லாவிட்டால் பெண்பிள்ளைகளுக்கு மறைப்பு எப்படி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மதிலை இடிக்கச் சொல்லவில்லை. கண்மட்டத்துக்கு மேலே துளைக்கல் வைத்துக் கட்டுங்கள், மறைப்பும் இருக்கும், காற்றும் வரும். சோளகத்தில் மணல் வருமே என்றால், அந்த மாதங்களில் அந்தப் பக்க ஜன்னலைச் சாத்தலாம். இல்லாத ஜன்னலைத் திறக்கத்தான் முடியாது.

பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிடமும் பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டுமுன் ஒரு நாள் லுஹருக்குப் பிறகு அந்தக் காணியில் நின்று காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். அந்தப் பக்கமும் அதற்கு எதிர்ப்பக்கமும் ஜன்னல் வையுங்கள். தகரத்துக்குக் கீழே சீலிங் அடியுங்கள். வேம்பை வெட்டாதீர்கள்.

எங்கள் வகுப்பறையில் என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடல் பக்க ஜன்னலை மறைத்து உடைந்த மேசை, கதிரைகள் அடுக்கிக் கிடந்தன. பிள்ளைகளும் நானும் அரை மணித்தியாலத்தில் அவற்றை அகற்றினோம். ஒரு சதம்கூடச் செலவில்லை. அன்று ஆறாவது பாடவேளையில் கொப்பிகளின் தாள்கள் படபடத்தன. பிள்ளைகள் சிரித்தார்கள்.

உங்கள் வீட்டில் எந்த ஜன்னல் அடைபட்டிருக்கிறது என்று இன்றைக்கே ஒருமுறை பாருங்கள்.