உறுதிமொழியில் ஒரு தொடர்

'பதவிப் பிரமாணம்' என்று வடமொழியில் வழங்கிய நாளில் அது காதில் விழுந்து கழியும் வெற்றொலியாகவே நம் மக்களுக்கு இருந்தது. 'உறுதிமொழி' எனத் தமிழில் வந்த பின்னரே, என்ன உறுதி, எவர்க்கு உறுதி என்னும் வினா எழலாயிற்று. ஆயினும், படித்துவிட்டுக் கையெழுத்திடும் ஒரு சடங்குதானே என இன்றும் எண்ணுவோர் பலர்.

2009 சனவரி 20-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்ற ஒபாமாவுக்கு உறுதிமொழி கூறுவித்த தலைமை நடுவர் இராபர்ட்சு, ஒரு சொல்லை இடம் மாற்றிச் சொல்லிவிட்டார். மறுநாளே வெள்ளை மாளிகையில் அது மீண்டும் கூறப்பெற்றது. முப்பத்தைந்தே சொற்கள் கொண்ட உறுதிமொழி அது!

தமிழர் இதனை அறிய அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. 1963-இல் இந்திய அரசியலமைப்பின் 16-ஆம் திருத்தம் நிறைவேறிற்று. அதுவரை சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் அரசியலமைப்பின்பால் பற்றுக் கொண்டிருப்பதாகவும், தம் கடமையைச் செவ்வனே ஆற்றுவதாகவும் மட்டுமே உறுதி கூறினர். இந்திய நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் நிலைநிறுத்துவேன் என்னும் தொடர் அவ்வாண்டுதான் இடையில் செருகப்பட்டது. வென்றவர் மட்டுமல்லர், தேர்தலில் நிற்க முன்வருபவரும் அதனைக் கூறியாகவேண்டும் என்றாயிற்று. திராவிட நாடு வேண்டிய தி.மு.க. அவ்வாண்டே அக்கொள்கையைக் கைவிட்டது. சீனப் போரும் ஒரு கரணியந்தான். ஆயினும் கதவை அடைத்தது அத்தொடரே. அதற்கு வழிகோலிய குழுவின் தலைவர் சர் சி. பி. இராமசாமி ஐயர். 1947-இல் திருவிதாங்கூர் தனிநாடாக நிற்கும் என்று அறிவித்த திவானும் அவரே!

ஈழத்தில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. 1983 சூலையில் தமிழர் குருதி காயுமுன், ஆகத்து மாதத்திலேயே ஆறாம் திருத்தம் வந்தது. இலங்கையின் உள்ளேயோ வெளியேயோ, நேராகவோ மறைவாகவோ, தனிநாட்டை ஆதரியேன், பரப்பேன், பொருளுதவேன், ஊக்கேன் என நாடாளுமன்ற உறுப்பினர் உறுதி கூறவேண்டும் என்றது அது. 1977 தேர்தலில் 18 இடங்களை வென்று எதிர்க்கட்சியாக அமர்ந்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர், தம்மை அனுப்பிய மக்களின் தீர்ப்பை வாயால் மறுக்க மாட்டாமல் இடங்களை இழந்தனர். வாக்குப் பெட்டியால் வந்தவரை ஓர் உறுதிமொழி வெளியேற்றிற்று. அதன்பின் அங்கே பேச எஞ்சியவர் எவர்?

இனி, தமிழ் வடிவத்தை நோக்குக. ஆங்கிலத்தில் உள்ள சொல், குடிமகன் தன் ஆண்டைக்குக் காட்டும் பணிவைக் குறித்து வந்தது. தமிழில் அது 'மாறாப் பற்று' ஆயிற்று. பணிவைக் கட்டளையால் பெறலாம். பற்று உள்ளத்தே ஊறவேண்டியது. ஆங்கிலம் விழுமிய முறையில் கூறுக என்கிறது. தமிழோ 'உளமார' என்கிறது. ஆங்கிலத்தில் கூறுபவரைவிடத் தமிழில் கூறுபவர் மிகுதியான கடன்பட்டவராகிறார். 1986-இல் ஆட்சிமொழிப் பகுதியைத் தீயிட்டமைக்காகப் பேராசிரியர் க. அன்பழகன் உள்ளிட்ட பத்து உறுப்பினர்கள் சட்டமன்ற இடத்தை இழந்தபோது, அவர்களுக்கு எதிராகக் காட்டப்பெற்றது இப்பற்றே. திருத்திக்கொள்ளத் தானே வழிவகுத்துள்ள ஒரு சட்டத்தின் ஒரு பகுதியை வெறுப்பது, முழுமைக்கும் பற்றின்மை ஆகுமா? அன்று அம்மன்றம் ஆகும் என்றது.

2019-இல் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் மக்களவையில் உறுதிமொழியின் இறுதியில் 'தமிழ் வாழ்க' என்றனர். 2024-இல், முன்னும் பின்னும் எச்சொல்லும் சேர்த்தல் கூடாதென அவைத்தலைவரின் நெறிமுறை திருத்தப்பட்டது. சொற்களின் ஆற்றலைத் தில்லி நன்கறியும்.

ஆளுநர் கூறும் உறுதிமொழியில், இன்ன மாநில மக்களின் தொண்டுக்கும் நலத்துக்கும் தம்மை ஒப்படைப்பதாக மாநிலத்தின் பெயர் சுட்டிய ஒரு தொடர் உண்டு. தில்லி அமர்த்தும் அவர்க்கு அது உண்டு. மக்கள் வாக்களித்து அனுப்பும் 234 உறுப்பினர்களின் உறுதிமொழியிலோ தமிழ்நாட்டு மக்கள் என்னும் சொல்லே இல்லை. அதனைச் சேர்க்கச் சட்டமன்றமே விரும்பினும் இயலாது. மூன்றாம் பட்டியலின் ஓர் எழுத்தையும் மாற்றும் உரிமை நாடாளுமன்றத்துக்கே உரியது.