பந்துவீச்சாளர் தேர்வும் நம்மவர் தீர்ப்பும்

டெஸ்ட் பந்தயங்கள் நடைபெறும் நாட்களில் தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் புறப்படும் மின்சார ரயிலில் ஏறியவர் எவரும் பேச்சுத் துணைக்கு அலைய வேண்டுவதில்லை. குரோம்பேட்டையில் ஒருவர் ஆட்டத்தின் நிலை யாதென வினவுவார். பல்லாவரம் வருமுன் நால்வர் விடை பகர்வர். மீனம்பாக்கம் கடப்பதற்குள் இந்திய அணியின் பதினொருவரும் நீக்கப்பட்டு, வேறு பதினொருவர் நியமனம் பெற்றிருப்பர். நம் விடுதிகளின் போஜன சாலைகளிலும் இதே விசாரணை நடைபெறுகிறது. இதனை வீண் பேச்சென்று தள்ளுவாரும் உளர். நாம் அக்கட்சியைச் சேர்ந்தவரல்லோம். ஒரு காரியத்திற்குத் தக்காரைத் தெரிந்தெடுப்பது எங்ஙனம் என்பது மனிதர் ஆராயத்தக்க வினாக்களுள் ஒன்று. அதனை மைதானத்தின் வாயிலாகப் பழகுவதில் குற்றமில்லை. ஆனால் நம்மவர் அதைப் பழகும் முறையில் இரண்டு குறைகள் காணப்படுகின்றன. அவற்றை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், பந்துவீச்சாளரைத் தெரிந்தெடுப்பதில் உள்ள சங்கடத்தை உணர்தல் வேண்டும். டெஸ்ட் பந்தயத்தில் எத்துணை ஓட்டங்கள் குவித்தாலும், எதிரணியார் தாமே ஆட்டத்தை முடித்துக் கொண்டாலன்றி, அவர்களுடைய 20 விக்கெட்டுகளையும் வீழ்த்தினாலொழிய வெற்றி இல்லை. நாளொன்றுக்கு 90 ஓவர் வீசியாக வேண்டும்; புதுப் பந்தோ 80 ஓவர் கழிந்த பின்னரே கிடைக்கும். ஆகவே பந்து தேய்ந்து, வெயில் ஏறி, வேகப்பந்து வீச்சாளர் களைத்துள்ள வேளையில் விக்கெட் எடுக்க வல்லார் ஒருவராவது வேண்டும். மற்றொரு புறம், பந்துவீச்சாளரும் மட்டை பிடிக்க அறிந்திருத்தல் நலம். முதல் ஐவர் விரைவில் வீழ்ந்தால் மானத்தைக் காப்பவர் பின்வருபவரே. பதினொருவர் என்ற எண்ணோ மாறாதது. பந்தில் மிகச் சிறந்த ஒருவரா, பந்திலும் மட்டையிலும் ஓரளவு வல்ல ஒருவரா என்ற கேள்வி இவ்வாறு எழுகிறது. ஒவ்வொரு சுற்றுப்பயணத்திலும் தலைவரையும் பயிற்சியாளரையும் வாட்டுவது இதுவே.

இக்கேள்வியில் மிகுதியாக அடிபட்ட பெயர் நம் அயலாராகிய இரவிச்சந்திரன் அஸ்வினுடையது. மேற்கு மாம்பலத்தில் வளர்ந்து, 106 டெஸ்ட் பந்தயங்களில் 537 விக்கெட்டுகளை வீழ்த்தி, 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பிரிஸ்பேனில் தம் ஓய்வை அறிவித்தவர் அவர். தாய்நாட்டில் அவரின்றி அணி அமைந்ததில்லை எனலாம். கடல் கடந்தாலோ அவருக்கு இடம் உறுதியில்லை. 2021ஆம் ஆண்டு கோடைகாலத்தில் இங்கிலாந்தில் நடந்த நான்கு டெஸ்ட் பந்தயங்களில் ஒன்றிலேனும் அவர் ஆடவில்லை. அப்பொழுதே அவர் 400க்கு மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்திருந்தார். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன் இறுதிப் பந்தயத்திலும் அவர் வெளியே அமர்ந்தார். அப்போது டெஸ்ட் பந்துவீச்சாளர் தரவரிசையில் உலகிலேயே முதலிடம் வகித்தவர் அவர்.

நம்மவர் கொண்டுள்ள முதற் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. லண்டன் ஓவல் மைதானத்தில் இந்தியா 2021 செப்டம்பரில் அஸ்வினின்றி ஆடி, 157 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. அதே மைதானத்தில் 2023 ஜூனில் மீண்டும் அஸ்வினின்றி ஆடி, 209 ஓட்ட வித்தியாசத்தில் தோற்றது. முடிவு ஒன்றே, விளைவு இரண்டு. 2021இல் வென்ற மறுநாளே நம் பக்கத்துப் பேச்சு அடங்கிற்று. ஷர்துல் தாக்கூர் 57ம் 60ம் எடுத்தாரே, மட்டை பிடிக்கத் தெரிந்த வேகப்பந்து வீச்சாளரைச் சேர்த்தது எத்துணை விவேகம் எனக் கொண்டாடினோர் பலர். 2023இல் தோற்றவுடனே, உலகின் முதல்வரை வெளியே இருத்திய மதியீனம் என்று தூற்றினர். விளைவை நீதிபதியாக வைத்தால் ஒரே செயல் ஒரு முறை விவேகமாகவும் மறுமுறை மதியீனமாகவும் ஆகிவிடுகிறது. இது நீதியாகுமா?

தேர்வு செய்வோர் நாணயம் சுண்டுவதற்கு முன் தீர்மானிக்கின்றனர். அவ்வேளையில் அவர்கள் அறிந்திருந்தவை, அறிந்திருக்கக் கூடியவை எவையோ, அவற்றைக் கொண்டே அவர்கள் செயலை அளத்தல் முறை. அவ்வாறு அளந்து பார்ப்போம். 2021ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், டெஸ்ட் தொடர் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னர், அஸ்வின் சர்ரே மாகாண அணிக்காக அதே ஓவல் மைதானத்தில் ஆடினார். சாமர்செட் அணி இரண்டாம் முறை 69 ஓட்டங்களுக்குள் சுருண்டது; 27 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள் அவருடையவை. செப்டம்பரில் அங்கே பதினொருவரைக் குறித்தவர்களுக்கு இச்செய்தி கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. ஆகவே 2021இல் ஓவல் மைதானத்தில் அவரை நீக்கியது தவறென்பதற்கு வலுவான ஆதாரம் இருந்தது. வெற்றி அந்த ஆதாரத்தை மறைத்ததேயன்றி அழித்துவிடவில்லை.

2023க்கு வருவோம். காலையில் மேகம் கவிந்திருந்தது. ஆடுகளத்தில் புல் இருந்தது. ரோகித் சர்மா நாணயத்தில் வென்று பந்துவீச்சைத் தேர்ந்தார். நான்கு வேகப்பந்து வீச்சாளரும் ஜடேஜாவும் போதும் என்று எண்ணியதற்கு இவை காரணங்களே. இவற்றைக் கேலி செய்தல் தகாது. எனினும் எதிரணியின் பட்டியலும் இரகசியமன்று. கவாஜா, வார்னர், ஹெட், கேரி என முதல் எழுவருள் நால்வர் இடக்கை ஆட்டக்காரர். டெஸ்ட் வாழ்வில் இடக்கை ஆட்டக்காரரை 200 முறைக்கு மேல் வீழ்த்திய ஒருவர் பெஞ்சில் இருந்தார். மேகம் ஒரு காலை நேரத்திற்கே உரியது. பந்தயமோ ஐந்து நாட்களுக்கு உரியது. ஆகவே அம்முடிவு பிழையென்பது நம் அபிப்பிராயம். இந்தியா தோற்றதால் அன்று. வென்றிருந்தாலும் இதையே கூறியிருப்போம். ஹெட் 163 ஓட்டங்கள் குவித்ததும், இரண்டாம் இன்னிங்ஸில் நாதன் லயன் 4 விக்கெட்டுகள் எடுத்ததும் நம் வாதத்திற்கு அலங்காரமேயன்றி அஸ்திவாரமல்ல.

நிற்க. இரண்டாவது குறை இதனினும் நுட்பமானது, அது பக்ஷபாதம். நம் மாகாணத்தாருக்கு இவ்விஷயத்தில் பழைய மனத்தாங்கல் உண்டு. 1934ஆம் ஆண்டு நவம்பரில் சேப்பாக்கத்தில் மதராஸுக்கும் மைசூருக்கும் நடந்த ரஞ்சிக் கோப்பையின் முதற் பந்தயம் ஒரே நாளில் முடிவுற்றது. அதில் 11 விக்கெட்டுகளை வீழ்த்திய ஏ. ஜி. ராம் சிங், அதிகார பூர்வமான டெஸ்ட் ஒன்றிலும் ஆடாமலே தம் காலத்தைக் கழித்தார். அவர் புதல்வர் கிருபால் சிங் 1955இல் தம் முதல் டெஸ்டிலேயே சதமடித்து அக்குறையை ஒருவாறு போக்கினார். வி. வி. குமார் 1961இல் டில்லியில் பாகிஸ்தானுக்கு எதிராகத் தம் முதல் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 5 விக்கெட்டுகள் எடுத்தும், ரஞ்சிப் பந்தயங்களில் 400க்கு மேற்பட்ட விக்கெட்டுகள் குவித்தும், அவருக்குக் கிட்டியவை இரண்டே டெஸ்டுகள். இவற்றைக் கேட்டு வளர்ந்தவர், அஸ்வின் வெளியே அமர்ந்த ஒவ்வொரு முறையும் பழைய புண் புதுப்பிக்கப்பட்டதாக உணர்ந்தது இயல்பே.

ஆனால் 2025ஆம் ஆண்டு இங்கிலாந்துத் தொடர் அம்மனத்தாங்கலின் மறுபக்கத்தைக் காட்டியது. 13 டெஸ்டுகளில் 56 விக்கெட்டுகள் எடுத்திருந்த கான்பூர் குல்தீப் யாதவ், அத்தொடரின் ஐந்து பந்தயங்களில் ஒன்றிலும் ஆடவில்லை. மட்டை பிடிப்பதிலும் வல்லவரான நம் சென்னை வாஷிங்டன் சுந்தர் நான்கில் ஆடினார். அஸ்வினை நீக்கியபோது 'மட்டைக்காகப் பந்தைப் பலியிடுவதா? 20 விக்கெட் எடுப்பவர் யார்?' என்று முழங்கிய நாவுகளுள் பல, குல்தீப்பை நீக்கியபோது மௌன விரதம் பூண்டன. 'பின்வரிசையில் மட்டை பிடிப்பவரும் வேண்டுமன்றோ?' என்று முன்பு எதிர்க்கட்சியார் சொன்னதைச் சில நாவுகள் தாமே சொல்லவும் தொடங்கின. மாம்பலத்தாருக்கு ஒரு நியாயம், கான்பூராருக்கு வேறொரு நியாயம் என்றால், முன்னே நாம் கேட்டது நியாயமன்று, சலுகை என்றாகிவிடும். தேர்வாளர் நம் கூக்குரலைப் பிற்பாடு மதியாமற் போனால் அவரை எங்ஙனம் நோவது?

வாஷிங்டனுடைய தகுதியைக் குறைப்பது நம் கருத்தன்று. லார்ட்ஸில் 22 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகள் எடுத்தவர் அவர். மாஞ்செஸ்டரில் ஜடேஜாவுடன் கூடி ஆட்டமிழக்காமல் 101 எடுத்துத் தோல்வியைத் தடுத்தவரும் அவரே. ஆயினும் மாஞ்செஸ்டர் பந்தயத்துக்கு முன் இந்தியா ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் பின்தங்கியிருந்தது. தொடரை வெல்ல எஞ்சிய இரண்டையும் வென்றாக வேண்டும். வெல்வதற்கு 20 விக்கெட் வேண்டும். ஆகவே குல்தீப்பின் கை அங்கே தேவைப்பட்டது என்பது நம் கட்சி. யாருக்குப் பதிலாக என்று வினவுவீராயின், ஷர்துல் தாக்கூருக்குப் பதிலாக என்போம். ஜடேஜா, வாஷிங்டன், ஷர்துல் என இரு தொழிலும் அறிந்த மூவர் ஒருங்கே இருந்த அணியில் ஒருவரையேனும் விட்டுக் கொடுத்திருக்கலாம். மாஞ்செஸ்டரில் மூன்று சுழற்பந்து வீச்சாளரா என்று நகைப்பார் இருக்கலாம், அவர்கள் தம் காரணத்தைக் கூறட்டும், கேட்போம்.

திருவள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து தெளிதல் என்பதனை 51ஆம் அதிகாரமாகவும், தெரிந்து வினையாடல் என்பதனை 52ஆம் அதிகாரமாகவும் அமைத்தார். சுற்றந்தழால் என்பதனை 53ஆம் அதிகாரமாக வைத்தார். தக்காரைத் தேர்வதும், அவரிடம் வினையை ஒப்புவிப்பதும், சுற்றத்தாரைத் தழுவுவதும் மூன்றும் அரசனுக்கு வேண்டியவையே. எனினும் மூன்றாவதை முன்னிரண்டோடு கலவாமல் தனியே நிறுத்தியதில் நமக்கொரு பாடம் உண்டு. நம்மூராரை நேசிக்கலாம், அவர் வென்றால் மகிழலாம், வீழ்ந்தால் வருந்தலாம். தேர்வு மேசையில் அமரும்போது மாத்திரம் அந்நேசத்தை வாயிலிலேயே விட்டு வருதல் வேண்டும். மேலும் 'நம்மவர்' என்னும் எல்லைதான் எத்துணை நெகிழ்ச்சியுடையது! மதராஸ் தன் மகனாகக் கொண்டு இன்றளவும் பெருமை பேசும் ராம் சிங் சீக்கிய குலத்தவர். அவர் நம்மவராகலாமெனின், இந்தியாவுக்காகப் பந்து வீசும் கான்பூர் இளைஞர் ஏன் நம்மவராகலாகாது?

தேர்வாளர் நம்மினும் மிகுதியாக அறிவர், நமக்கேன் இவ்வாராய்ச்சி என்பார்க்கு ஒரு வார்த்தை. ஒருவருடைய உடல்நிலையையும், வலைப்பயிற்சியில் அவர் வீசும் பாங்கையும் நாம் அறியோம். அவ்வளவிற்கு நம் குரல் தாழ்ந்திருத்தல் தகும். ஆயின் ஆடுகளம், எதிரணியின் அமைப்பு, கடந்த கால அளவைகள் ஆகியன யாவர்க்கும் பொது. அவற்றைக் கொண்டு பேச நமக்கு உரிமையுண்டு.

அவ்வுரிமையைச் செவ்வனே பயன்படுத்த நம் மாணவ நண்பர்களுக்கு ஓர் எளிய பயிற்சி கூறுவோம். அடுத்த தொடரில் நாணயம் சுண்டுவதற்கு முன் உங்கள் பதினொருவரைத் தாளில் எழுதுங்கள். நீங்கள் சேர்க்க விரும்பும் பந்துவீச்சாளருக்காக யாரை நீக்குகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஒருவரைச் சேர்க்கச் சொல்வது எளிது, ஒருவரை நீக்கச் சொல்வதே அரிது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் காரணம் குறியுங்கள். பின்பு ஊர்ப் பெயர்களை மனத்தளவில் மாற்றிப் பாருங்கள்: சென்னையார் கான்பூராராகவும், கான்பூரார் சென்னையாராகவும் இருப்பின் அக்காரணம் நிற்குமா? நிற்குமாயின் அது காரணம். வீழுமாயின் அது வெறும் பாசம். பந்தயம் முடிந்த பின் விளைவைப் பார்த்து அத்தாளைத் திருத்தாதீர்கள்.

இஃதொரு விளையாட்டுக் காரியந்தானே என்று கருதற்க. இன்று விடுதி அணிக்குப் பதினொருவரைத் தேர்பவர் நாளை தலைமையாசிரியராக ஓர் ஆசிரியரை நியமிப்பார். அதிகாரியாக ஒரு குமாஸ்தாவுக்கு உயர்வளிப்பார். திருச்சபையிலும் சங்கங்களிலும் பொறுப்பாளரை வாக்களித்து ஏற்படுத்துவார். அங்கும் விண்ணப்பக் கட்டில் ஒரு பெயர் நம்மூர்ப் பெயராக இருக்கும்; அங்கும் நற்பயன் விளைந்தால் மெய்ச்சவும் தீங்கு விளைந்தால் பழிக்கவும் ஒரு கூட்டம் காத்திருக்கும். தேர்வில் விடப்பட்டவர் தம் மனத்தில் கேட்கும் கேள்வி ஒன்றே: 'என்னை அளந்து பார்த்தனரா?' அதற்கு ஆம் என்று நேர்மையுடன் விடை கூற வல்லவர்களை நம் கல்லூரி நாட்டுக்கு அளிக்குமாயின், நம் விடுதிகளில் நள்ளிரவு வரை நீளும் இக்கிரிக்கெட் வாதங்கள் வீண்போனவையாகா.