பனிமலையில் ஒரு வீடு

சினிமாப் பாட்டில் கதாநாயகி மெல்லிய புடவையைச் சுற்றிக்கொண்டு பனியில் ஆடுவாள். கதாநாயகன் மட்டும் கம்பளிக் கோட்டுப் போட்டிருப்பான். அந்த அநியாயம் கிடக்கட்டும். அவர்களுக்குப் பின்னால் மலைச் சரிவில் மர வீடுகள் தெரியுமே, அவற்றைக் கவனித்ததுண்டா? சாய்ந்த கூரை, மரத்தாலான மாடித் தாழ்வாரம், கூரை மேல் இலவம்பஞ்சுத் தலையணை போலப் பனி! 'ஷாலே' என்று அந்த வீட்டுக்குப் பெயர். 'நமக்கும் அப்படி ஒன்று இருந்தால்...' என்று ஒரு நிமிஷமாவது நினைக்காதவர்கள் குறைவு.

ஆசைப்படுவதற்குக் காசு வேண்டாம். வாங்குவதற்கு என்னென்ன வேண்டும் என்று இந்த வாரம் பார்ப்போம். பணம் இருந்தால் போதும் என்று நினைக்கிறீர்களா? ஸ்விட்ஸர்லாந்தில் அது போதாது. பணக்காரரையும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கும் சட்டம் ஒன்று அங்கே இருக்கிறது.

1961-லேயே அந்நியர் நிலம் வாங்குவதற்கு அங்கே அனுமதி வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டார்கள். இப்போது அமலில் இருக்கும் சட்டம் 1983-ல் நிறைவேறியது. 'லெக்ஸ் கோல்லர்' என்று ஒரு மந்திரியின் பெயரால் அதை வழங்குகிறார்கள். அந்த நாட்டில் குடியிராத அந்நியர், உல்லாசப் பிரயாணத்துக்கென்று குறிக்கப்பட்ட ஊர்களில் மட்டுமே விடுமுறை வீடு வாங்கலாம். ஜூரிச், ஜெனீவா போன்ற பட்டணங்களில் நடக்காது. தேசம் முழுவதற்கும் சேர்த்து வருஷத்துக்கு 1,500 அனுமதிதான். அதை மாகாணங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். ஸெர்மாட், வெர்பியே போன்ற பேர்பெற்ற பனிச்சறுக்கு ஊர்கள் இருக்கும் வாலே மாகாணத்துக்குப் பெரிய பங்கு.

அதோடு தீர்ந்ததா? இல்லை. கணவன், மனைவி, வயது வராத குழந்தைகள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு வீடு. வீட்டின் பரப்பு பொதுவாக 200 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 2,150 சதுர அடிக்குள் இருக்கவேண்டும். மனை 1,000 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய நாலரை கிரவுண்டு. வீட்டை வருஷம் பூராவும் வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கக் கூடாது. இடையிடையே விருந்தாளிகளுக்கு விடலாம். உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் பினாமியாக வாங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதை மூடிக்கொள்ளுங்கள். அந்தப் பத்திரம் செல்லாது. மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு!

'வீடு வாங்கிவிட்டால் அங்கேயே போய் இருந்துவிடலாமே?' என்பார் சிலர். அதுவும் இல்லை. வீட்டுப் பத்திரம் வேறு, குடியிருக்கும் உரிமை வேறு. சொந்த வீடு இருந்தாலும் நம் நாட்டவர் விசா வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. சொந்த வீட்டிலேயே நாள் எண்ணிக்கொண்டு இருக்கவேண்டும்!

ஏன் இத்தனை கெடுபிடி? அந்நியர் மேல் வெறுப்பா? அந்த ஊர்களுக்குப் பண்டிகை இல்லாத நாளில் போய்ப் பார்த்தால் காரணம் தெரியும். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம், பிப்ரவரியில் இரண்டு வாரம் ஊர் ஜே ஜே என்று இருக்கும். மற்ற நாளில் வீட்டுக்கு வீடு ஜன்னல் கதவு சாத்தியிருக்கும். 'குளிர்ந்த கட்டில்கள்' என்று அந்த ஜனங்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். படுக்க ஆளில்லாத கட்டில்கள்! ஆனால் அந்த மூன்று வாரத்துக்காகத் தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் பெரிதாகப் போட்டாக வேண்டும். தெருப் பனியை வாரியாக வேண்டும். வீட்டு விலையோ ஏறிக்கொண்டே போகிறது. பள்ளிக்கூட வாத்தியாரம்மாவும், ஆஸ்பத்திரி நர்ஸும், கம்பி ரயில் ஓட்டுகிறவரும் அதே ஊரில் குடியிருக்க வீடு கிடைக்காமல் தினம் கீழே பள்ளத்தாக்கிலிருந்து வேலைக்கு ஏறி வருகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இத்தனை வருஷம் அந்நியரைத் தடுத்தும் கட்டில்கள் குளிர்ந்துதான் கிடந்தன. ஏன் தெரியுமா? மூடிக் கிடந்த வீடுகளில் பெரும்பாலானவை சொந்த தேசத்துப் பட்டணவாசிகளுடையவை! பரங்கியர் மேல் பழி போடுவது சுலபம்; ஜூரிச்சிலிருந்து வரும் அத்தை பிள்ளையை என்ன செய்வது?

கடைசியில் 2012 மார்ச் 11-ந் தேதி தேசம் முழுவதும் வாக்கெடுப்பு நடந்தது. பிரான்ஸ் வெபர் என்ற இயற்கைப் பாதுகாவலர் கிளப்பிய பிரச்னை அது. ஓர் ஊரில் இருக்கும் வீடுகளில் நூற்றுக்கு 20-க்கு மேல் 'இரண்டாவது வீடு'களாக இருந்தால், அங்கே புதிதாக அப்படி வீடு கட்டக் கூடாது என்பது கேள்வி. நூற்றுக்கு 50.6 பேர் 'சரி' என்றார்கள். மயிரிழையில் வெற்றி! மலைமேல் இருக்கும் வாலே மாகாணம் பெருவாரியாக 'கூடாது' என்றே சொன்னது. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கொத்தனாருக்கும் தச்சருக்கும் அந்தக் கட்டட வேலைதானே சோறு?

சட்டம் வந்த பிறகு மற்றொரு சங்கடம் முளைத்தது. புதிதாகக் கட்டத்தான் தடை. 2012-க்கு முன்பே இருந்த வீடுகளை யார் வேண்டுமானாலும் விடுமுறை வீடாக வைத்துக்கொள்ளலாம். ஆகவே பழைய வீடுகளுக்குக் கிராக்கி வந்துவிட்டது. பாட்டி காலமானதும் பேரன் பேத்திகளுக்குள் பாகம் பிரிக்கவேண்டும்; பட்டணத்துக்காரர் கொடுக்கும் விலையை உள்ளூர்க்காரர் கொடுக்க முடியாது. வீடு கைமாறுகிறது. பாட்டியின் அடுப்பு வருஷத்தில் மூன்று வாரம் எரிகிறது. நீங்கள் வாங்கப் போவதும் அநேகமாக அப்படி ஒரு வீடாகத்தான் இருக்கும்.

கதவை அகலத் திறந்து வைத்த ஊரும் ஒன்று உண்டு. ஆண்டர்மாட் என்று பெயர். ராணுவ முகாமை நம்பிப் பிழைத்த ஊர் அது. முகாம் சுருங்கியதும் ஊரும் சுருங்கியது. எகிப்து தேசத்துத் தொழிலதிபர் சமீ ஸவிரிஸ் அங்கே ஹோட்டல்களும் வீடுகளும் கட்ட முன்வந்தபோது, அந்தத் திட்டத்தில் அடங்கிய வீடுகளுக்கு மட்டும் லெக்ஸ் கோல்லரிலிருந்து சர்க்கார் விலக்கு அளித்தது. ஆள் இல்லாத ஊருக்கு ஆள் வேண்டும். ஆள் நிறைந்த ஊருக்கு இடம் வேண்டும். சட்டம் ஊருக்கு ஊர் வேறுபடுவதன் ரகசியம் இவ்வளவுதான்.

சரி, இவ்வளவும் கேட்ட பிறகும் ஆசை தீரவில்லை என்றால், குடித்தனக் கணக்கையும் பார்த்துவிடுவோம்.

முதலில் பணம் அனுப்பும் விஷயம். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் வருஷத்துக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. இது தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. வீட்டு அம்மாளுக்கும் தனி அளவு உண்டு. ஆகவே பத்திரத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும்! வாங்கியதை வருமான வரிக் கணக்கில் வருஷா வருஷம் தெரிவிக்கவும் வேண்டும்.

அடுத்தது அந்த ஊர் வரி. வாடகையே வராத வீட்டுக்கும் வாடகை வந்ததாக ஒரு தொகை போட்டு வரி வாங்குவது அவர்கள் வழக்கம். 2025 செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் இதை எடுத்துவிட ஜனங்கள் சம்மதித்தார்கள். அதற்கு ஈடாக, இரண்டாவது வீடுகளுக்குத் தனி வரி போட மாகாணங்களுக்கு உரிமை கிடைத்திருக்கிறது. லாபத்துக்கு விற்றால் அதற்கும் வரி. வாங்கிய சூட்டோடு விற்றால் வரி ஜாஸ்தி.

வீட்டு வேலையை மறந்துவிடாதீர்கள். ஆள் இல்லாவிட்டாலும் குளிர்காலம் முழுவதும் வீட்டைச் சற்றுச் சூடாக வைத்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் குழாயில் தண்ணீர் உறைந்து குழாயே வெடித்துவிடும். பல குடித்தனக் கட்டடமானால் பனி வாருவது, கூரை பழுது, மின்தூக்கி எல்லாவற்றுக்கும் பங்கு கொடுக்கவேண்டும்.

ஊர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் கேளுங்கள். ஸெர்மாட் சுமார் 1,600 மீட்டர். பெயர்பெற்ற குஸ்டாடோ 1,050 மீட்டர்தான். உலகம் சூடேறி வரும் காலத்தில் இந்த வித்தியாசம் பெரிது. 2022, 2023 ஆகிய இரண்டே வருஷத்தில் ஸ்விட்ஸர்லாந்தின் பனியாறுகள் பத்தில் ஒரு பங்கு கரைந்துவிட்டன. ஊரின் அபாய வரைபடத்தையும் வாங்கிப் பாருங்கள். சிவப்பு வண்ணம் தீட்டிய பகுதியில் புது வீடு கட்ட விடமாட்டார்கள். நீலத்தில் நிபந்தனையோடு கட்டலாம். 2025 மே 28-ந் தேதி வாலே மாகாணத்தில் பனியாறு ஒன்று சரிந்து ப்ளாட்டன் என்ற கிராமத்தை அநேகமாக முழுவதும் மூடிவிட்டது. சுமார் 300 ஜனங்களையும் முன்னதாகவே வெளியேற்றியிருந்தபடியால் பெரிய உயிர்ச்சேதம் தவிர்ந்தது.

வாங்கும் முன் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து இருந்து பாருங்கள். பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வீடு விடுவார்கள். டிசம்பர் திருவிழாவில் போகாதீர்கள். நவம்பர் மாதம் பனி விழுமுன் போங்கள். சாயங்காலம் தெருவில் நடந்து, எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். ரொட்டிக் கடை திறந்திருக்கிறதா, பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் அது ஊர். அங்கே வாங்கினால், நீங்கள் இல்லாத நாளில் வீட்டை விருந்தாளிகளுக்கு விடும்படி உள்ளூர் ஏஜெண்டிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. வாடகை உங்கள் செலவில் கொஞ்சம் குறைக்கும். ரொட்டிக் கடைக்காரருக்கும் நாலு பேர் வாடிக்கை சேரும்.