வெட்டியது யார் என்று இலக்கணமும் கேட்கட்டும்

ஆங்கிலம் என்றதும் நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது ஸ்போக்கன் இங்கிலீஷ் விளம்பரம். இலக்கணம் என்றதும், 'ராமன் ராவணனைக் கொன்றான்' என்பதை 'ராவணன் ராமனால் கொல்லப்பட்டான்' என்று மாற்றி மதிப்பெண் வாங்கும் வேலை. காரைக்குடியைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் மாலை வகுப்பு நடத்தும் நாங்கள் சொல்ல வருவது இதுதான்: அதே இலக்கணத்தை நம் வாழ்க்கையை வைத்துப் படிப்போம்.

பாசிவ் வாய்ஸையே எடுத்துக்கொள்வோம். 2018 மே 28 இரவு நம் சிவகங்கை மாவட்டம் கச்சநத்தத்தில் நடந்த தாக்குதலில் மூன்று தலித்துகள் கொல்லப்பட்டனர். இந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் கொன்றவரும் இல்லை. ஆங்கிலத்தில் 'பை' என்று தொடங்கும் பகுதியை வெட்டிவிட்டாலும் வாக்கியம் முழுசாகவே நிற்கும். செய்தி எழுதுபவர்களுக்கும் புகார் எழுதுபவர்களுக்கும் இது பெரிய வசதி. 2022இல் சிறப்பு நீதிமன்றம் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அந்தக் கொலைகளைச் செய்வினையில் எழுதி முடிக்க நான்கு ஆண்டுகள் ஆயின.

செயப்பாட்டு வினை எப்போதும் நமக்கு எதிரானது என்றும் சொல்லிவிட முடியாது. எம்.சி. ராஜா 1925இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலுக்கு 'தி ஒப்ரெஸ்டு ஹிண்டூஸ்' என்று பெயர் வைத்தார். 'தாழ்ந்தவர்' என்பதற்கும் 'தாழ்த்தப்பட்டவர்' என்பதற்கும் உள்ள தூரம் இங்கே தெரியும். முதல் சொல் நம்மைக் குறை சொல்கிறது. இரண்டாவது சொல், தாழ்த்தியது யார் என்று கேட்கிறது.

அடுத்து 'ஷால்', 'மே'. முன்னது கட்டாயம், பின்னது அதிகாரியின் விருப்பம். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கை டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத காவல் அதிகாரியே விசாரிக்க வேண்டும் என்கிறது 1995ஆம் ஆண்டின் விதி 7. ஆங்கில மூலத்தில் அங்கே இருப்பது 'ஷால்'. அதுவும் பாசிவ் வாக்கியம்தான். ஆனால் 'பை' விடுபடவில்லை. யாரால் விசாரிக்கப்பட வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது.

சொல்வளத்தையும் இப்படியே சேர்க்கலாம். 'வில்ஃபுலி நெக்லெக்ட்ஸ்' என்றால் வேண்டுமென்றே கடமையைச் செய்யாமல் விடுதல். அந்தச் சொல் இருப்பது அதே சட்டத்தின் 4ஆம் பிரிவில். வாய்மொழிப் புகாரை எழுதிக்கொண்ட அதிகாரி, கையெழுத்து வாங்கும் முன் அதை வாசித்துக் காட்ட வேண்டும். இதுவும் அந்தப் பிரிவு சொல்லும் கடமைகளில் ஒன்று. இது தெரிந்த ஒரு பிள்ளை அம்மாவோடு காவல் நிலையத்துக்குப் போனால், "எழுதுனத வாசிங்க சார்" என்று கேட்கும்.

ஆங்கிலம் வந்தால் சாதி போய்விடும் என்று நாங்கள் சொல்லவில்லை. தமிழை விடச் சொல்லவும் இல்லை. நம்மைப் பற்றிய சட்டமும் மேல் நீதிமன்றத் தீர்ப்பும் ஆங்கிலத்தில் இருக்கும்வரை, அவற்றை இன்னொருவர் வாய்வழியே கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

தோழர்களே, இந்த வாரம் ஒரு வன்கொடுமைச் செய்தியை எடுங்கள். அதன் பாசிவ் வாக்கியங்களுக்கு அடிக்கோடிடுங்கள். எழுவாயைத் தேடி, ஒவ்வொன்றையும் செய்வினையாக மாற்றி எழுதுங்கள். எழுவாய் கிடைக்காத இடங்களைத் தனியே குறித்து வையுங்கள். நாம் கேட்க வேண்டிய கேள்விகள் அங்கேதான் இருக்கின்றன.