நாளைப்போவாருக்கு எந்தப் பேருந்து?

கடலூர், சிதம்பரம் வட்டாரப் பள்ளிகள் பிள்ளைகளை ஒருநாள் சுற்றுலாவாகச் சென்னைக்கு அழைத்துப் போகின்றன. விடியுமுன் கிளம்பும் பேருந்து கோட்டை, அருங்காட்சியகம், மெரினாவில் தலைவர்களின் நினைவிடங்கள் என்று சுற்றிவிட்டு நள்ளிரவில் திரும்பும். சமாதி பார்ப்பதில் குற்றமில்லை. யாருடைய சமாதியைக் காட்டுகிறோம், யாருடையதை மறைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

சென்னை சட்டக் கல்லூரி பழைய வளாகத்தில் ஒரு கல்லறை இருக்கிறது. ஆங்கிலேய கவர்னர் எலிஹு யேலின் நண்பர் ஜோசப் ஹின்மரும், யேலின் குழந்தை டேவிட்டும் அடக்கமான இடம். 1921இலேயே பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2023இல் அதை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு வழக்கு நடந்தது. ஒரு கவர்னர் வீட்டுப் பிணத்துக்கு முந்நூறு ஆண்டு கழித்தும் வழக்காட ஆள் இருக்கிறது! இந்த யேல் கவர்னராக இருந்த காலத்தில்தான் சென்னைத் துறையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு எங்கே கல்?

அதே யேல் காலத்தில், 1690இல், கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடமிருந்து வாங்கியது. பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்குச் சொந்தம் என்று ஒப்பந்தம். குண்டு உப்பலவாடி என்ற பெயரில் அந்தக் குண்டு இன்னும் கிடக்கிறது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது சில ஆண்டுகள் இதுவே ஆங்கிலேயருக்குத் தலைமையிடம். ஆக, தலைநகரைப் பார்க்கச் சென்னைக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. வெள்ளைக்காரன் தன் சாவைக் கணக்கு வைத்தான். மாகாணம் முழுக்க இருந்த ஐரோப்பியர் கல்லறை வாசகங்களைத் திரட்டி ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1905இல் பட்டியல் வெளியிட்டார். சேரி இடுகாட்டுக்கு யார் பட்டியல் எடுத்தது? பட்டியல் கிடக்கட்டும், முதலில் பாதை எங்கே?

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். ஆதிக்கச் சாதியினர் நிலத்தின் வழியே போக முடியாததால் வந்த நிலை. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித் கிறித்தவரைப் பிரித்துச் சுவரே எழுப்பிவைத்தார்கள். மதம் மாறியும் மண் மாறவில்லை.

தீண்டாமைக்கு எதிரான 1955ஆம் ஆண்டுச் சட்டம் இடுகாடு, சுடுகாட்டைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அங்கே தடுப்பது தண்டனைக்குரிய குற்றம். ஆனால் 2021இல் தமிழக அரசு என்ன அறிவித்தது? சாதி வேறுபாடற்ற மயானம் உள்ள சிற்றூருக்குப் பத்து லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை. நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். திருடாத ஊருக்குப் பரிசு கொடுக்கிற அரசு, திருடுகிற ஊரில் எத்தனை பேரைக் கைது செய்தது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டுமா இல்லையா? சட்டப்படி குற்றமானதைப் பரிசு கொடுத்துக் கெஞ்சி நிறுத்தச் சொல்லும் அவலம், சாதி விஷயத்தில் மட்டும்தான் நடக்கும்.

ஒருநாள் பயணம் என்றதும் எங்கள் வட்டாரத்துக்கு நினைவுக்கு வரவேண்டியவர் நந்தனார். கொள்ளிடக் கரை ஆதனூரிலிருந்து தில்லை எட்டிவிடும் தூரம். ஆனால் போக முடியாமல், நாளைப் போவேன், நாளைப் போவேன் என்றே நாளைக் கடத்தியவருக்குத் திருநாளைப்போவார் என்று பெயர். கடைசியில் போனார். தெற்கு மதில் வாயிலுக்கு முன்னே தீ வளர்த்து, அதில் இறங்கி, பூணூலோடு முனிவராக எழுந்த பின்தான் உள்ளே விட்டதாகப் பெரியபுராணம் பாடுகிறது. இதைப் பக்தியின் வெற்றி என்று பாடம் நடத்துகிறார்கள். பறையராகப் பிறந்த உடல் எரிந்தால்தான் கதவு திறக்கும் என்பதில் என்ன வெற்றி? அந்தத் தெற்கு வாயில் அடைபட்டுக் கிடப்பதைத் திறக்கச் சொல்லி இயக்கங்கள் போராடியிருக்கின்றன. கனகசபையில் ஏறி நின்று வழிபடவே 2022இல் அரசாணை தேவைப்பட்டது.

தீ வளர்த்த இடமென்று சொல்லப்படும் ஓமக்குளம் பகுதியில் சுவாமி சகஜானந்தா தலித் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். எரித்த இடத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். இதைவிடப் பெரிய நினைவுச்சின்னம் எந்தத் தலைநகரில் இருக்கிறது? காட்டுமன்னார்கோயில் மண்ணில் பிறந்து, 1969இல் நாடாளுமன்றத்துக்குத் தீண்டாமை பற்றிய அறிக்கையைக் கொடுத்து, பரம்பரை அர்ச்சகமுறையை ஒழிக்கச் சொன்ன எல். இளையபெருமாளுக்கு 2025இல் சிதம்பரத்தில் நினைவரங்கம் திறந்தாயிற்று. இனி இடம் இல்லை என்று எந்தத் தலைமையாசிரியரும் சொல்ல முடியாது.

அடுத்த ஆண்டு சுற்றுலாவுக்கு வழித்தடம் நாங்களே தருகிறோம். காலையில் தேவனாம்பட்டினம். பதினோரு மணிக்கு ஓமக்குளம். மதியம் இளையபெருமாள் அரங்கம். அங்கே அந்த அறிக்கையிலிருந்து நாலு பக்கம் படித்துக் காட்டுங்கள். பிறகு நடராசர் கோயிலின் தெற்குப் பக்கம். மாலையில் ஊர் திரும்பியதும் பேருந்தை நிறுத்திவிடாமல் ஊர்ச் சுடுகாட்டுக்கும் சேரிச் சுடுகாட்டுக்கும் ஓட்டுங்கள். எதுவரை போகிறதோ அதுவரை போகட்டும். இரண்டு பாதைகளின் அகலத்தையும் பிள்ளைகளே அடிபோட்டு அளந்து, குறிப்பேட்டில் எழுதி, கையெழுத்திட்டு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பட்டும்.