காட்டுக்குப் போக என்ன நிறச் சட்டை?

விடுமுறை வந்தால் முதுமலைக்குப் போகும் குடும்பங்கள் பள்ளிகொண்டாவிலும் உண்டு. மான் பார்க்க வேண்டும். யானை பார்க்க வேண்டும். உடனே வீட்டில் ஒரு பேச்சு கிளம்பும்: "என்ன உடுத்திக்கொண்டு போவது?"

கடைக்கு ஓடாதீர்கள்! 'சபாரி உடை' என்று புதிதாக வாங்குவது வீண் செலவு. வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சாயம் மங்கிய பழுப்புச் சட்டை இருக்கிறதா? இலைப்பச்சைப் புடவை இருக்கிறதா? அது போதும்!

சிவப்புக்கு மிரளுமா?

சிவப்பைக் கண்டால் மான் மிரண்டு ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரி அல்ல. மானின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ஆனால் நீலம் நன்றாகத் தெரியும். பளிச்சென்ற வெள்ளையும் தூரத்திலேயே நம்மைக் காட்டிக் கொடுத்துவிடும்.

"அப்படியானால் சிவப்புப் புடவை கட்டலாமே?" என்று கேட்பீர்கள். காட்டில் பறவைகளும் இருக்கின்றனவே! நமக்குத் தெரியாத நிறங்கள்கூட அவற்றுக்குத் தெரியும். ஆகவே மண் நிறமும் இலை நிறமும்தான் நல்லது.

ஆப்பிரிக்காவில் என்ன?

ஆப்பிரிக்காவுக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே 'செட்சி' என்று ஒரு ஈ உண்டு. தூக்க வியாதியைப் பரப்புவது இந்த ஈதான். நீலமும் கறுப்பும் அதை இழுக்கும். அந்த ஈயைப் பிடிக்கும் பொறியையே நீலத் துணியிலும் கறுப்புத் துணியிலும்தான் செய்கிறார்கள்!

ராணுவத்தார் போடுவது போன்ற புள்ளிச் சட்டையும் வேண்டாம். ஜிம்பாப்வே, உகாண்டா போன்ற நாடுகளில் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம்.

காக்கி போடலாம். 'காக்' என்ற பாரசீகச் சொல்லுக்குத் தூசி, மண் என்று பொருள். 1840-களில் பெஷாவர் பக்கம் இருந்த ஒரு படைதான் முதலில் காக்கி உடுத்தியது. புழுதியில் ஆள் தெரியக் கூடாது என்பதே காரணம்.

நிறம் மட்டும் போதுமா?

போதாது! யானைக்குக் கண்ணைவிட மூக்கு கூர்மை. சென்ட் பூசிக்கொண்டு போனால், எந்த நிறச் சட்டை போட்டும் பயன் இல்லை.

காலில் பழகிய செருப்பே இருக்கட்டும். தோல் தொழில் நடக்கும் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியது இல்லை. புதுச் செருப்பு காலைக் கடிக்கும், நடந்தால் கிறீச்சிடும்.

உடையில் மிச்சமாகும் பணத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். மானை நெருங்காமலே பார்க்கலாம். வண்டியில் கூச்சல் போடக் கூடாது, கீழே இறங்கக் கூடாது என்றும் சொல்லி வையுங்கள்.

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் யானைகள் வயலுக்கு வந்தால் வெடி போட்டு விரட்டுகிறோம். பயிரைக் காக்கத்தான் அப்படிச் செய்கிறோம். ஆனால் அவை வாழும் காட்டுக்கு நாம் போகும்போது, அவற்றை மிரட்டாமல் பார்த்துவிட்டுத் திரும்பலாமே!