ஏழையின் மீது ஏற்றிய குற்றம்

வறுமை உள்ள இடத்தில் குற்றம் இருக்கும், அங்கே கடுமை காட்டினால்தான் அமைதி நிலைக்கும் என்னும் நம்பிக்கை நம்மிடையே படித்தவர் பாமரர் என்ற பேதமின்றி வேரோடிக் கிடக்கிறது. பஸ்ஸில் பணப்பை தொலைந்தால் கந்தல் உடுத்தவன் மீதே கண் போகிறது. ஊரில் திருட்டு நடந்தால் போலீஸ் ஜீப் முதலில் ஊர்ப்புறத்துக் குடிசைகளை நோக்கியே செல்கிறது. அதைக் கண்டு நாமும் சட்டம் தன் கடமையைச் செய்கிறதென்று திருப்தி அடைகிறோம். இந்த நம்பிக்கையை நான் முற்றிலும் மறுக்கிறேன். தர்மபுரி மாவட்டத்தின் சரித்திரத்தை அறிந்த எவரும் இதை மனச்சாட்சியோடு பேண முடியாது என்பதே என் வாதம்.

இதன் பூர்வீகத்தைச் சற்று நோக்குவோம். விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில், சார்லஸ் பூத் என்னும் செல்வந்தர் தெருத்தெருவாக ஜனங்களின் நிலையை விசாரித்து, 1889-இல் வெளியிடத் தொடங்கிய வறுமைப் படத்தில், பரம ஏழைகள் வாழ்ந்த சந்துகளுக்குக் கருப்பு வர்ணம் தீட்டி, அங்கு வசிப்போரைத் தீயொழுக்கத்தார் என்றும் பாதிக் குற்றவாளிகள் என்றும் குறித்து வைத்தார். அதே பூத்தின் விசாரணை, வறுமைக்குப் பெரும் காரணம் நிலையற்ற வேலையும் குறைந்த கூலியுமே என்று காட்டியது. எனினும் ஜனங்கள் மனதில் தங்கியது அந்தக் கருப்பு வர்ணந்தான். அதற்கு முன்பே, 1869-இலும் 1871-இலும், பழங்குற்றவாளிகளை ஒரு தனி வர்க்கமாகப் பாவித்துக் கண்காணிக்கும் சட்டங்களை இங்கிலாந்து இயற்றியிருந்தது. அந்த 1871-ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்தது. லண்டனில் தெருவைச் சந்தேகித்தார்கள். இங்கே பிறப்பையே சந்தேகித்தார்கள்.

1911-இல் அச்சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அந்நாளில் தர்மபுரி சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்தது. கடற்கரை உப்பைக் கழுதைகளின் மீதும் எருதுகளின் மீதும் ஏற்றி உள்நாட்டுக் கிராமங்களுக்குக் கொண்டுவந்து தானியத்துக்கு மாற்றிப் பிழைத்த குறவர் குடிகள், சர்க்காரின் உப்பு ஏகபோகத்தாலும் ரயில் பாதைகளாலும் தொழிலிழந்து தவித்தபோது, தொழிலைப் பறித்த அதே சர்க்கார் அவர்களைப் பிறவிக் கள்வர் என்று பதிவேட்டில் எழுதி, விரல் ரேகை எடுத்து, ஊர் விட்டு ஊர் போக அனுமதி கேட்கும்படி செய்தது. 1947-இல் சென்னை மாகாணத்தில் இச்சட்டம் ஒழிந்தது. அதைப் பெற்றெடுத்த நம்பிக்கை மட்டும் காக்கிச் சட்டைக்குள்ளும் நம் உள்ளங்களுக்குள்ளும் பத்திரமாக இருந்து வந்தது.

அது எவ்வளவு பத்திரமாக இருந்தது என்பதை 1992 ஜூன் 20-ஆம் தேதி அரூர் அருகிலுள்ள வாச்சாத்தி கண்டது. சித்தேரி மலையடிவாரத்தில் மலையாளிப் பழங்குடியினர் வாழும் சிற்றூர் அது. சந்தனக் கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு காட்டு இலாகாவினர் 155 பேரும், போலீஸார் 108 பேரும், வருவாய்த் துறையினர் 6 பேருமாக 269 அரசாங்க ஊழியர்கள் அவ்வூருக்குள் புகுந்தனர். ஜனங்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தனர். கட்டை இருக்குமிடத்தைக் காட்டச் சொல்லி இளம்பெண்களை லாரியில் ஏற்றி ஏரிப் பக்கம் கொண்டுபோய்ப் பலாத்காரம் செய்தனர். அவ்விதம் சீரழிக்கப்பட்டோர் 18 பேர்; அவர்களில் பள்ளிக்கூடம் போகும் வயதுச் சிறுமியும் உண்டு. பிறகு அரூர் வனத்துறை அலுவலகத்தில் அடைத்து வைத்து, ஊர்க் கவுண்டரை அவ்வூர்ப் பெண்களின் கையாலேயே துடைப்பத்தால் அடிக்கச் செய்தனர். ஊர்ப் பெரியவர் ஒருவரின் மானத்தையும், அவரை மதித்துப் பழகிய பெண்களின் மானத்தையும் ஒரே அடியில் போக்கிய இந்தச் செயலுக்கும் சந்தனக் கட்டைக்கும் என்ன சம்பந்தம்? பெண்களும் குழந்தைகளும் சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். வீடுகளை இடித்தார்கள்; ஆடுமாடுகளைக் கொன்றார்கள்; குடிநீர்க் கிணற்றையும் பாழாக்கினார்கள்.

இவ்வளவும் நடந்த பிறகு பரவிய பேச்சு என்ன? கட்டை கடத்துகிறவர்களின் ஊர் அது, அரசாங்கத்தின் மீது பழி போடுகிறார்கள் என்பதே. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் போராடி, அக்கட்சியின் மாநிலச் செயலாளராயிருந்த நல்லசிவன் நீதிமன்றப் படியேறிய பின்னரே, 1995-இல் சி.பி.ஐ. விசாரணை வந்தது. இரக்கமில்லாத மனிதர்கள் எங்கும் உண்டு என்று இதை ஒதுக்கிவிடுவதற்கில்லை. 269 பேர் ஒருங்கே கொடியவர்களாகப் பிறந்திருக்க மாட்டார்கள். எதிரே நிற்பது குற்றவாளிகளின் ஊர் என்று தீர்மானித்துக்கொண்டு போனதால்தான், வீட்டில் பெண்டு பிள்ளைகளோடு வாழ்ந்த அந்த ஊழியர்களுக்கு அங்கிருந்த பெண்கள் பெண்களாகத் தோன்றவில்லை.

கட்டை வெட்டியவர்களே அவ்வூரில் இல்லையா என்று கேட்பார்கள். கூலிக்கு மரம் வெட்டியவர்கள் அந்த மலைகளில் இருந்தார்கள். அதை நான் மறைக்கவில்லை. மழை பொய்த்தால் சாமையும் கேழ்வரகும் வீடு வந்து சேராத மேட்டு நிலத்தில், ஒரு நாள் கூலிக்காகக் கோடரி எடுத்தவன் வெட்டிய கட்டையை விற்கச் சந்தை அறிவானா? அவன் தோளிலிருந்து இறங்கிய கட்டை லாரி ஏறி, சோதனைச் சாவடிகளைக் கடந்து, பணம் படைத்தவன் கிடங்கை அடைந்தாக வேண்டும். வழி நெடுக எத்தனை கண்கள் மூடிக்கொண்டால் அது சாத்தியம்! அந்தக் கிடங்குக்காரனின் தெருவை 269 பேர் சூழ்ந்ததுண்டா? அவன் வீட்டுப் பெண்களை லாரியில் ஏற்றியதுண்டா? மரம் வெட்டியவனுக்கு உரிய தண்டனையைச் சட்டம் வகுத்திருக்கிறது. அவன் தங்கைக்கு எந்தச் சட்டமும் தண்டனை வகுக்கவில்லை.

2011 செப்டம்பர் 29-இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்து போயிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என்று தீர்மானமாயிற்று. அவர்களில் 17 பேர் பலாத்காரக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023-இல் அதே செப்டம்பர் 29-ஆம் தேதி, நேரில் வாச்சாத்திக்குச் சென்று பார்த்து வந்திருந்த நீதிபதி வேல்முருகன் சென்னை உயர்நீதிமன்றத்தில் அத்தண்டனைகளை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டுமென்றும், அதில் 5 லட்சத்தைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டுமென்றும் உத்தரவிட்டார். 1992-இல் ஜில்லாவில் கலெக்டராகவும், போலீஸ் சூப்பரின்டென்டென்டாகவும், மாவட்ட வன அதிகாரியாகவும் இருந்தவர்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படியும் அரசாங்கத்துக்குக் கட்டளையிட்டார். பதுக்கியவரைத் தேடுவதாகச் சொல்லி ஒரு கிராமம் முழுவதையும் ஒரே நாளில் சந்தேகித்த நிர்வாகம், தன் தலைமையை விசாரிக்க முப்பத்தோர் ஆண்டுகளாக முன்வரவில்லை. அதற்கு நீதிமன்றத்தின் கட்டளை தேவைப்பட்டது.